செய்தி வரிசைக்கு எங்கே இடம்?

இணையத்தில் புத்தகம் விற்கும் கடை ஒன்றில் ‘ஆர்டர் செய்’ பொத்தானை அழுத்துகிறோம். ஒரு விநாடிக்குள் ‘உங்கள் ஆர்டர் பதிவாகிவிட்டது, எண் 7341’ என்று திரையில் வந்துவிடுகிறது. அதற்குள் எல்லா வேலையும் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. ரசீதைத் தயார் செய்ய வேண்டும், மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் போக வேண்டும், கிடங்குக்குத் தகவல் சொல்ல வேண்டும், கூரியர் நிறுவனத்தின் சர்வரில் பார்சலைப் பதிய வேண்டும். கூரியர் சர்வர் பதில் சொல்லவே பத்து விநாடி ஆகலாம். சில நேரம் பதிலே வராமலும் போகலாம். இவ்வளவும் முடியும்வரை வாடிக்கையாளரைக் காக்கவைத்தால் அவர் பக்கத்தை மூடிவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஆர்டரைப் பதிவது உடனடி வேலை. மற்றவை ஒவ்வொன்றும் ‘ஆர்டர் 7341க்கு மின்னஞ்சல் அனுப்பு’, ‘ஆர்டர் 7341க்குக் கூரியர் பதிவு செய்’ என்று ஒரு சின்னச் செய்தியாக எழுதி ஓரிடத்தில் வைக்கப்படும். பின்னணியில் ஓடும் ‘வொர்க்கர்’ நிரல்கள் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். செய்திகள் காத்திருக்கும் அந்த இடம்தான் மெசேஜ் கியூ, அதாவது செய்தி வரிசை.

இந்த வரிசையை எங்கே வைப்பது? ராபிட்எம்க்யூ, காஃப்கா என்று இதற்கென்றே தனி மென்பொருள்கள் உண்டு. ஆர்டர்கள் இருக்கும் அதே தரவுத்தளத்துக்குள்ளும் வைக்கலாம். இரண்டாவது வழியைப் பழைய பாணி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான பயன்பாடுகளுக்கு அங்கிருந்து தொடங்குவதே சரி. செய்தியைச் சேமிப்பது எளிது. பாதி வேலையில் ஏதாவது நின்றுபோனாலும் கணக்கு குழம்பாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். அந்த வித்தையில் தரவுத்தளங்களுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான பழக்கம் உண்டு.

இரண்டு இடத்தில் எழுதினால்

வரிசை தனிச் சர்வரில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையின் நிரல் முதலில் தரவுத்தளத்தில் ஆர்டரை எழுதுகிறது. பிறகு வரிசைச் சர்வருக்குச் செய்தியை அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போனால்? ஆர்டர் இருக்கும், பணமும் பிடித்தாகிவிட்டது, கிடங்குக்கு மட்டும் தகவல் போயிருக்காது. சரி, செய்தியை முதலில் அனுப்பிவிட்டு ஆர்டரைப் பிறகு எழுதலாமா? அப்போது நடுவில் நின்றால், இல்லாத ஆர்டருக்குக் கூரியர்காரர் வந்து நிற்பார். எதை முன்னால் செய்தாலும் ஓட்டை ஓட்டைதான். இரண்டு சர்வர்களையும் ஒரே உடன்பாட்டில் கட்டும் இரு கட்ட கமிட் முறை உண்டு. ஆனால் அது மெதுவானது. நடுவில் இருந்து நடத்தும் நிரல் செத்துப்போனால் மற்றவை பூட்டுகளைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க நேரிடும்.

ஆர்டரும் செய்தியும் ஒரே தரவுத்தளத்தில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆர்டர் அட்டவணையில் ஒரு பதிவு, செய்தி அட்டவணையில் ஒரு பதிவு, இரண்டும் ஒரே பரிவர்த்தனைக்குள். கமிட் ஆனால் இரண்டும் இருக்கும்; ரோல்பேக் ஆனால் இரண்டும் இருக்காது. காஃப்கா பயன்படுத்தும் பெரிய நிறுவனங்களிலும் இந்த உத்தி வழக்கத்தில் உண்டு. செய்தியை முதலில் தரவுத்தளத்தில் ‘அவுட்பாக்ஸ்’ என்ற அட்டவணையில் எழுதிவிட்டு, அங்கிருந்து இன்னொரு நிரல் காஃப்காவுக்கு எடுத்துச் செல்லும். தனி வரிசை வைத்திருப்பவர்களுக்கும் தரவுத்தளத்துக்குள் ஒரு குட்டி வரிசை தேவைப்பட்டுவிடுகிறது.

ஜிம் கிரே சொன்னது

இந்த உறவு இன்று நேற்று வந்ததல்ல. அப்போலோ திட்டத்தின் உதிரிபாகக் கணக்குக்காக 1960களில் ஐபிஎம் உருவாக்கிய ஐஎம்எஸ் அமைப்பு, டெர்மினல்களிலிருந்து வரும் கோரிக்கைகளை வரிசையில் போட்டு எடுத்தே வேலை செய்யும்படி வளர்ந்தது. பின்னர் வரிசை தனிப் பொருளாகப் பிரிந்தது. 1993இல் ஐபிஎம்மின் எம்க்யூசீரிஸ் வந்தது, அதையொட்டி ஒரு சிறு தொழிலே உருவானது.

அந்த நேரத்தில்தான் பரிவர்த்தனைக் கோட்பாட்டின் முன்னோடியும் பின்னாளில் 1998க்கான டூரிங் விருது பெற்றவருமான ஜிம் கிரே ஒரு சிறு கட்டுரை எழுதினார். தலைப்பே அவருடைய முடிவைச் சொல்லிவிடும்: ‘வரிசைகள் தரவுத்தளங்களே’. பாதுகாப்பு, கண்காணிப்பு, விபத்துக்குப் பிறகு மீள்வது, இடத்தைச் சீரமைப்பது என்று வரிசை மென்பொருளுக்குத் தேவையானவை எல்லாம் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை இன்னொரு முறை கட்டுவானேன் என்பது அவர் வாதம். வரிசைக்கென்று தனியாகத் தேவைப்படும் பூட்டு முறைகளைத் தரவுத்தளத்திலேயே சேர்த்துவிட்டால் மற்ற பயன்பாடுகளுக்கும் அவை உதவும் என்றார்.

தரவுத்தளங்களும் அந்தத் திசையில் நடந்தன. 1997இல் வந்த ஆரக்கிள் 8இல் ‘அட்வான்ஸ்டு கியூயிங்’ சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 2005இல் எஸ்க்யூஎல் சர்வருக்குள் ‘சர்வீஸ் புரோக்கர்’ வைத்தது. போஸ்ட்கிரெஸ் தன் 9.5ஆம் பதிப்பில், 2016 ஜனவரியில், ‘ஸ்கிப் லாக்டு’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது. 2018இல் மைஎஸ்க்யூஎல் 8.0இலும் அது வந்தது.

அட்டவணையே வரிசை

அந்த இரண்டு சொற்கள் என்ன செய்கின்றன என்று பார்க்கலாம். செய்தி அட்டவணை எளிமையானது: செய்தி எண், வகை, உள்ளடக்கம், எத்தனை முறை முயன்றோம், அடுத்து எப்போது எடுக்கலாம், எப்போது உருவானது. வொர்க்கர் ஒரு பரிவர்த்தனையைத் தொடங்கி, எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்ட செய்திகளில் மிகப் பழையதைக் கேட்டு, அந்தப் பதிவைப் பூட்டுகிறது. வேலையை முடித்ததும் பதிவை நீக்கிவிட்டு கமிட் செய்கிறது.

ஒரே ஒரு வொர்க்கர் இருக்கும்வரை இதில் சிக்கல் இல்லை. இரண்டு வந்ததும் தகராறு தொடங்கும். முதல் வொர்க்கர் 41ஆம் செய்தியைப் பூட்டியிருக்கிறது. இரண்டாவதும் ‘மிகப் பழையது எது’ என்று கேட்கிறது; அதுவும் 41தான். பூட்டு திறக்கும்வரை அது காத்து நிற்கிறது. பத்து வொர்க்கர்கள் போட்டாலும் ஒன்பது சும்மா நிற்கும். வங்கியில் 41ஆம் டோக்கன்காரர் முதல் கவுன்டரில் பேசிக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது கவுன்டர்காரர் அவர் முடிக்கட்டும் என்று கைகட்டி உட்காருவதில்லை, 42ஐ அழைக்கிறார். ‘ஸ்கிப் லாக்டு’ செய்வது அதைத்தான்: பூட்டிய பதிவைத் தாண்டி அடுத்ததை எடு.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. 41ஐ வைத்திருந்த வொர்க்கர் திடீரென்று செத்துவிட்டால், அதன் இணைப்பு அறுந்ததும் தரவுத்தளம் பரிவர்த்தனையை ரோல்பேக் செய்துவிடும். பூட்டு விலகும், செய்தி அப்படியே வரிசையில் இருக்கும், வேறொரு வொர்க்கர் எடுத்துக்கொள்ளும். இதற்காக நாம் ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டியதில்லை.

ஆனால் அரை மணி நேரம் ஓடும் வேலைக்கு இந்த முறை ஒத்துவராது. அவ்வளவு நேரம் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருப்பது தரவுத்தளத்துக்கே கேடு. அத்தகைய வேலைக்குக் குத்தகை முறை பொருந்தும். ‘இந்தச் செய்தியை நான் எடுத்தேன், 40 நிமிடம் என்னுடையது’ என்று எழுதி வொர்க்கர் உடனே கமிட் செய்துவிடும். கெடு முடிந்தும் வேலை முடியவில்லை என்றால் செய்தி மீண்டும் வரிசைக்கு வரும்.

புதிய செய்தி வந்தது வொர்க்கருக்கு எப்படித் தெரியும்? விநாடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கலாம். அப்படிக் கேட்டால் வரிசை காலியாக இருக்கும் நாளிலும் ஒரு வொர்க்கர் 86,400 கேள்வி கேட்கும். போஸ்ட்கிரெஸில் ‘லிசன்’, ‘நோட்டிஃபை’ கட்டளைகள் உண்டு: செய்தியை எழுதிய பரிவர்த்தனை கமிட் ஆனதும், காதுகொடுத்திருக்கும் வொர்க்கர்களுக்குத் தகவல் போகும். அந்த நொடியில் இணைப்பு அறுந்திருந்த வொர்க்கருக்கு அது போகாது, பிறகும் வராது. ஆகவே அவசரத்துக்கு நோட்டிஃபை, உறுதிக்கு நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி என்று இரண்டையும் சேர்த்து வைப்பதே நல்ல திட்டம்.

ஒரே செய்தி இரண்டு முறை வந்தால்

வொர்க்கர் மின்னஞ்சலை அனுப்பிவிட்டது. பதிவை நீக்கி கமிட் செய்வதற்குள் செத்துப்போனது. செய்தி மீண்டும் வரிசைக்கு வரும். மின்னஞ்சல் இன்னொரு முறை போகும். தரவுத்தளம் தன் அட்டவணைகளை ரோல்பேக் செய்ய முடியும்; அனுப்பிவிட்ட அஞ்சலை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. செய்தியை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு அனுப்பினால் இரண்டு முறை போகாது. ஆனால் ஒரு முறைகூடப் போகாமல் இருக்கலாம். ‘குறைந்தது ஒருமுறை’, ‘அதிகபட்சம் ஒருமுறை’ என்ற இரண்டில் ஒன்றைத்தான் வெளியுலகைத் தொடும் வேலைக்குத் தேர்ந்தெடுக்க முடியும்.

பெரும்பாலோர் முன்னதைத் தேர்ந்தெடுத்து, ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் விளைவு ஒன்றாகவே இருக்கும்படி வேலையை எழுதுவார்கள். ‘கையிருப்பில் ஒன்றைக் கழி’ என்ற செய்தி ஆபத்தானது. இரண்டு முறை வந்தால் இரண்டு புத்தகம் குறையும். ‘ஆர்டர் 7341க்காக ஒன்றைக் கழி’ என்று எழுதி, முடித்த ஆர்டர் எண்களைத் தனித்துவக் கட்டுப்பாடு உள்ள அட்டவணையில் வைத்துவிட்டால், இரண்டாவது முறை வரும்போது தரவுத்தளமே தடுத்துவிடும். பணம் பிடிக்கும் சேவைகள் பல, கோரிக்கையோடு ஒரு தனி அடையாள எண்ணையும் அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். திட்டமிடும்போது ஒவ்வொரு செய்தி வகைக்கும் எதிரே ‘இது இரண்டு முறை வந்தால் என்ன ஆகும்?’ என்று எழுதி விடை கண்டுவிட வேண்டும். நிரல் எழுதிய பிறகு யோசித்தால் செலவு பல மடங்கு.

செய்திக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதும் அப்போதே முடிவாக வேண்டும். ஆர்டர் எண்ணை மட்டும் வைத்தால் வொர்க்கர் எடுக்கும் நேரத்து விவரத்தைப் படிக்கும். முகவரி திருத்தத்துக்கு இது நல்லது. ரசீதில் போடும் விலைக்கு நல்லதல்ல, இடையில் விலை மாறியிருக்கலாம். இன்னொன்று: நிரலின் புதிய பதிப்பை ஏற்றும் நாளில், பழைய பதிப்பு எழுதிய செய்திகள் வரிசையில் காத்திருக்கும். செய்தியில் பதிப்பு எண் ஒன்றைச் சேர்த்திருந்தால் அன்று நிம்மதி.

விஷச் செய்தி

ஒரு வாடிக்கையாளரின் முகவரியில் நிரல் எதிர்பாராத எழுத்து ஒன்று இருக்கிறது. வொர்க்கர் அந்தச் செய்தியை எடுக்கிறது, பிழை வருகிறது, ரோல்பேக். செய்தி மீண்டும் வரிசையின் முன்னால் நிற்கிறது. மீண்டும் எடுக்கிறது, மீண்டும் பிழை. எத்தனை முறை எடுத்தாலும் தேறாத இதற்கு ‘விஷச் செய்தி’ என்று பெயர். பின்னால் நல்ல செய்திகள் ஆயிரம் இருந்தாலும் வொர்க்கர் இதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

சர்வீஸ் புரோக்கர் இதில் கறாரானது: தொடர்ந்து ஐந்து முறை ரோல்பேக் ஆனால் அந்த வரிசையையே நிறுத்திவிடும். தவறு பரவாது, ஆனால் நள்ளிரவில் எல்லா வேலையும் நின்றுபோகும். நாமே அட்டவணை வைத்துக் கட்டும்போது மென்மையான வழி உண்டு. முயற்சி எண்ணிக்கையை ஒவ்வொரு முறையும் கூட்டி, அடுத்த முயற்சியை 1, 2, 4, 8 நிமிடம் என்று இரட்டித்துத் தள்ளிப்போடலாம். கூடவே சில விநாடிகளைத் தாறுமாறாகச் சேர்த்தால், கூரியர் சர்வர் விழுந்து எழும்போது எல்லாச் செய்திகளும் ஒரே நொடியில் அதன் மேல் பாயாது. குறிப்பிட்ட முறை தோற்ற செய்தியைத் தனி அட்டவணைக்கு மாற்றி, ஒரு மனிதர் பார்க்கும்படி வைக்க வேண்டும். அவர் தினமும் பார்க்கிறாரா என்பதும் திட்டத்தில் சேர்த்திதான்.

முறை தவறாமல்

பல வொர்க்கர்கள் ஒரே நேரத்தில் எடுக்கும்போது 42, 41க்கு முன்பே முடிந்துவிடலாம். மின்னஞ்சலுக்குப் பரவாயில்லை. ‘ஆர்டர் பதிவு’, ‘ஆர்டர் ரத்து’ என்ற இரண்டும் மாறிப்போனால் ரத்தான புத்தகம் வீட்டுக்கு வந்துவிடும்.

இதற்கு சர்வீஸ் புரோக்கர் கண்ட விடை அழகானது. அங்கே செய்திகள் தனித்தனியாகப் போவதில்லை. இரண்டு தரப்புக்கும் இடையிலான ‘உரையாடல்’ ஒன்றுக்குள் போகும். எந்த வகைச் செய்தியை யார் அனுப்பலாம் என்று ஓர் ஒப்பந்தம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ஒரே உரையாடலின் செய்திகள் அனுப்பிய முறையிலேயே, ஒருமுறை மட்டுமே போய்ச் சேரும். தொடர்புள்ள உரையாடல்களை ஒரு குழுவாக்கலாம். ஒரு வொர்க்கர் ஒரு செய்தியை எடுத்ததும் அந்தக் குழு முழுவதும் பூட்டப்படும். ஆர்டர் 7341இன் செய்திகள் ஒரே கையில், மற்ற ஆர்டர்கள் வேறு கைகளில். மொத்த வரிசையையும் ஒற்றையாக நடத்தாமல் ஒரு ஆர்டருக்குள் மட்டும் முறை காப்பாற்றப்படுகிறது. சொந்தமாக அட்டவணை கட்டுபவர்களும் ஆர்டர் எண்ணின் மேல் பூட்டு வைத்து இதைச் செய்துகொள்ளலாம்.

உரையாடலைத் தொடங்கினால் இரு தரப்பும் அதை முடிக்க வேண்டும். இதை மறந்து கட்டிய பயன்பாடுகளில் முடியாத உரையாடல்கள் லட்சக்கணக்கில் சேர்ந்து தரவுத்தளத்தை ஊதவைத்துவிடும். சர்வீஸ் புரோக்கரில் அடிக்கடி பேசப்படும் கோளாறு இது.

எத்தனை வொர்க்கர்?

இதற்குக் கணக்கு இருக்கிறது. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 1,200 செய்தி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் கால் விநாடி வேலை என்றால், விநாடிக்கு 20 செய்தி, 5 விநாடி வேலை. ஐந்து வொர்க்கர் போதும் என்று தோன்றும். போதாது.

கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங், 1909இல் அழைப்புகளின் வருகையைக் கணிதத்தில் அடக்கியபோது பிறந்தது வரிசைக் கோட்பாடு. செய்திகள் சீராக வருவதில்லை. கொத்தாக வரும், பிறகு ஓயும். ஒரே வொர்க்கர், ஒழுங்கற்ற வருகை, ஒழுங்கற்ற வேலை நேரம் என்ற எளிய மாதிரியில், வொர்க்கர் 50 சதவீத நேரம் வேலையாக இருந்தால் ஒரு செய்தி சராசரியாக ஒரு வேலை நேர அளவு காத்திருக்கும். 80 சதவீதத்தில் அது 4 மடங்கு. 90இல் 9 மடங்கு. 95இல் 19 மடங்கு. பல வொர்க்கர்கள் இருந்தால் காத்திருப்பு குறையும், ஆனால் நூறை நெருங்க நெருங்க எகிறுவது மாறாது. நம் கடைக்கு ஐந்து வொர்க்கர் என்றால் நூறு சதவீதம். எட்டு என்றால் சுமார் 63. எட்டுதான் திட்டம்.

ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதியும் கைகொடுக்கும்: வரிசையின் சராசரி நீளம், வருகை வேகத்தையும் சராசரிக் காத்திருப்பையும் பெருக்கினால் வருவது. விநாடிக்கு 20 வரும் வரிசையில் சராசரியாக 600 நிற்கிறது என்றால் சராசரிக் காத்திருப்பு 30 விநாடி. கண்காணிக்கும் திரையில் நீளத்தைவிட, மிகப் பழைய செய்தியின் வயதைக் காட்டுவது பயனுள்ளது. நிலைமை கெடுகிறது என்பதை அது நேராகச் சொல்லிவிடும்.

செத்த பதிவுகள்

தரவுத்தள வரிசையின் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழிவதில்லை. முன்பே தொடங்கிய வேறு பரிவர்த்தனைக்கு அது இன்னும் தெரிய வேண்டியிருக்கலாம் என்பதால் இடத்திலேயே கிடக்கும்; யாருக்கும் தேவையில்லை என்றானபின் ‘வாக்யூம்’ என்ற வேலை வந்து துடைக்கும். வரிசை அட்டவணையில் ஒவ்வொரு பதிவும் பிறந்த சில நொடிகளில் சாகிறது. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் அதே தரவுத்தளத்தில் மூன்று மணி நேரம் ஓடும் வருடாந்தர அறிக்கையைத் தொடங்கினால், அது முடியும்வரை வாக்யூமால் அதற்குப் பிறகு செத்த பதிவுகளைத் தொட முடியாது. உயிருள்ள செய்தி பத்துதான் இருக்கும்; அவற்றைத் தேட வொர்க்கர் லட்சக்கணக்கான செத்த பதிவுகளைத் தாண்ட வேண்டியிருக்கும். வேகம் சரியும்.

எஸ்தோனியாவில் ஸ்கைப்பைக் கட்டிய பொறியாளர்கள் தங்கள் பிஜிக்யூ வரிசையில் இதை நேர்த்தியாகத் தவிர்த்தார்கள். பதிவுகளை ஒவ்வொன்றாக நீக்காமல், மூன்று அட்டவணைகளைச் சுழற்சியில் வைத்து, படித்து முடித்த அட்டவணையை மொத்தமாகக் காலி செய்தார்கள். அந்த அளவு போகாதவர்களும் நீண்ட அறிக்கைகளை நகல் சர்வருக்கு மாற்றுவது, வரிசை அட்டவணைக்கு வாக்யூமை அடிக்கடி ஓடவிடுவது என்ற இரண்டையாவது முதல் நாளே செய்துவிட வேண்டும்.

எப்போது விலக வேண்டும்?

ஒரே செய்தியோட்டத்தைப் பல குழுக்கள் தனித்தனியே படிக்க வேண்டும், போன வாரச் செய்திகளை மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும், விநாடிக்கு லட்சக்கணக்கில் வருகிறது என்றால், லிங்க்டின் நிறுவனத்தில் பிறந்து 2011இல் திறமூலமான காஃப்கா அதற்கென்றே கட்டப்பட்டது. அந்தத் தேவை இருப்பவர்கள் தயங்காமல் போகலாம். ஆனால் தனிச் சர்வர் என்றால் தனிக் காப்புநகல், தனிக் கண்காணிப்பு, இரவில் அழைத்தால் எழுந்துவர அதைத் தெரிந்த ஓர் ஆள்.

காற்று மீண்டும் தரவுத்தளத்தின் பக்கம் வீசுகிறது. 2024 நவம்பரில் வந்த ரூபி ஆன் ரெயில்ஸ் 8, புதிய பயன்பாடுகளுக்குத் தரவுத்தளத்திலேயே இயங்கும் ‘சாலிட் கியூ’வை இயல்பு ஏற்பாடாக்கியது. கிரே கட்டுரை எழுதி ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, அவர் வாதம் சாதாரண இணையதளத்தின் முதல் நாள் ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டது.

எனவே அடுத்த முறை செய்தி வரிசை வேண்டுமென்று உங்கள் அலுவலகத்தில் பேச்சு வந்தால், எந்த மென்பொருள் என்று தொடங்காதீர்கள். இரண்டு முறை வந்தால் என்ன, வராமலே போனால் என்ன, தேறாத செய்தியை யார் பார்ப்பார், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடையை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையைப் போட்டுத் தொடங்குங்கள். அது தாங்கவில்லை என்று அளந்து தெரிந்த அன்று மாற்றிக்கொள்ளலாம். அந்த நான்கு விடைகளும் புதிய இடத்துக்கும் அப்படியே பொருந்தும்.